மெனோபாஸ் தொந்தரவுக்கு நாட்டு மருந்தா, ஹார்மோன் சிகிச்சையா? முடிவெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போது நெஞ்சிலிருந்து கிளம்பும் சூடு கழுத்தில் ஏறி முகம் முழுக்கக் குப்பென்று பரவுகிறது. இரண்டு மூன்று நிமிடம்தான். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றாலும் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. வேர்வை அடங்கியதும் உடம்பு குளிர்கிறது. இதுவே இரவில் மூன்று முறை வந்தால் தூக்கம் போய்விடும். தலையணை உறை நனைந்து கிடக்கும். யாரிடமாவது வாய் திறந்து சொன்னால் இரண்டு பதில்கள் வரும். "சதாவரி லேகியம் சாப்பிடு, சரியாயிடும்." "ஹார்மோன் மாத்திரை பக்கமே போகாதே, கேன்சர் வரும்." இரண்டையும் கேட்டுக் குழம்பி, ஒன்றும் செய்யாமல் ஒரு வருடத்தைக் கடத்திவிடும் பெண்கள் பலர். அந்த ஒரு வருடம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

"இயற்கையா, கெமிக்கலா" என்ற கேள்வியை முதலில் ஓரமாக வையுங்கள். மருந்துக்கடையில் ஜெல்லாக விற்கும் எஸ்ட்ராடையால் (ஈஸ்ட்ரோஜன் வகை) ஹார்மோன், சோயா போன்ற தாவரங்களிலிருந்து எடுத்த மூலப்பொருளைக் கொண்டு ஆலையில் செய்யப்படுவது. "மூலிகை" என்ற பெயரில் வாங்கும் செந்தூரத்தில் பாதரசம் இருக்கலாம். முடிவைத் தீர்மானிப்பவை நான்கு: உங்கள் வயது, கர்ப்பப்பையும் சினைப்பைகளும் உள்ளே இருக்கின்றனவா என்பது, தொந்தரவு எவ்வளவு கடுமை என்பது, ஏற்கனவே உள்ள நோய்கள். இந்த நான்குக்கும் பதிலைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் டாக்டர் அறையில் பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும்.

1. மெனோபாஸ்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால் அது மெனோபாஸ். நம் நாட்டில் இது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. அதற்குச் சில வருடங்கள் முன்பே நாள் தள்ளிப்போவது, திடீரென்று அதிகம் போவது, குப்பென்ற சூடு எல்லாம் தொடங்கிவிடும். 45 வயது தாண்டியவருக்கு இந்த அறிகுறிகள் இருந்தால் எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை தேவையில்லை. மெனோபாஸ் நெருங்கும் காலத்தில் அந்த அளவு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். "நார்மல்" என்று வந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 40 வயதுக்குள் நின்றுவிட்டால் மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு முறை பார்த்தது போதாது, சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பது வழக்கம்.

பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள் வேறு. தைராய்டு அதிகம் சுரந்தால் இதே வேர்வை, இதே படபடப்பு, இதே தூக்கமின்மை வரும். ரத்தசோகையில் படபடப்பும் களைப்பும் வரும். இரவு வேர்வையோடு மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தால் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். ஆகவே டி.எஸ்.எச். (தைராய்டுப் பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தத்தையும் அளந்து எழுதி வையுங்கள்.

நின்று 12 மாதம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மூலிகையும் வேண்டாம், ஹார்மோனும் வேண்டாம், முதலில் ஸ்கேன். யோனி வழி அல்ட்ராசவுண்டில் கர்ப்பப்பை உள்சுவரின் தடிமன் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் திசு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்வார்கள். "மறுபடி தீட்டு வந்திருக்கு, உடம்பு இன்னும் இளமையா இருக்கு" என்று வீட்டில் சொல்வதை நம்பி அசோகப்பட்டைக் கஷாயம் குடித்து ரத்தத்தை நிறுத்தப் பார்ப்பதுதான் இந்த விஷயத்திலேயே ஆபத்தான பொறி. கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். சீக்கிரம் பிடித்தால் குணமாக்க முடியும்.

2. இரண்டு வாரம் நோட்டுப் போடுங்கள்

பால் கணக்கு எழுதுவது போல ஒரு பழைய டைரியில் தினமும் நான்கு விவரங்கள்: பகலில் எத்தனை முறை சூடு வந்தது, இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், அதனால் எந்த வேலை நின்றது, அன்று என்ன மருந்து சாப்பிட்டீர்கள். 14 நாள் போதும்.

இந்த நோட்டு இரண்டு வகையில் உதவும். முதலாவது, கடுமை தெரியும். நாளைக்கு இரண்டு மூன்று முறை வந்து வேலையைக் கெடுக்காமல் போனால் லேசானது. நாளைக்கு ஏழுக்கு மேல், அல்லது வாரத்துக்கு ஐம்பதை ஒட்டி வந்தால் அது கடுமையானது. மருத்துவ ஆய்வுகளில் ஆட்களைச் சேர்க்கும்போது பார்க்கும் அளவும் ஏறக்குறைய இதுதான். இரண்டாவது, மருந்து வேலை செய்கிறதா என்று பின்னால் உங்களுக்கே தெரியும். குப்பென்ற சூட்டுக்கு வெறும் மாவு மாத்திரை கொடுத்தாலும் கணிசமான பேருக்குக் குறைகிறது என்பது திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. தானாகவும் அது கூடும், குறையும். எண்ணி எழுதாமல் "ஏதோ பரவாயில்லை போல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஆறு மாதம் லேகியத்துக்குப் பணம் கட்டுவது இதனால்தான்.

பெண்ணுறுப்பில் வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் நோட்டை அப்படியே டாக்டரிடம் நீட்டுங்கள். குப்பென்ற சூடு வருடங்கள் போகப் போகத் தணியும். இந்த வறட்சி தானாகச் சரியாகாது, கூடத்தான் செய்யும். இதற்கான மருந்தும் வேறு.

3. பழைய காகிதங்களைத் தேடி எடுங்கள்

முக்கியமானது, கர்ப்பப்பை எடுத்தவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரி. "ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க" என்று மட்டும்தான் பலருக்குத் தெரியும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்பது தெரியாது. சம்மரியில் ஆபரேஷன் பெயருக்குப் பக்கத்தில் "பி.எஸ்.ஓ." என்று இருந்தால் இரண்டு பக்கச் சினைப்பையும் குழாயும் எடுக்கப்பட்டுவிட்டன. அப்படியானால் ஆபரேஷன் நடந்த அன்றைக்கே உங்களுக்கு மெனோபாஸ் வந்துவிட்டது. 45 வயதுக்குள் இது நடந்திருந்தால் உங்கள் கணக்கே வேறு; 4ஆம் பகுதியில் பாருங்கள். சம்மரி தொலைந்திருந்தால் அந்த மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்டு பிரிவில் பெயர், அனுமதித்த தேதி, ஐ.பி. எண் கொடுத்து நகல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்கேன் ஓரளவு சொல்லும்.

கூடவே எடுத்து வைக்க வேண்டியவை:

— கர்ப்பப்பைத் திசு பயாப்சி ரிப்போர்ட். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய்) இருந்ததா, புற்றுநோய் இருந்ததா என்பது இதில் இருக்கும்.
— மாமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. எடுக்கவே இல்லை என்றால் ஹார்மோன் தொடங்கும் முன் ஒன்று எடுக்க வேண்டும்.
— ஈரல் ரத்தப் பரிசோதனை, கொழுப்பு அளவு.
— இப்போது சாப்பிடும் எல்லா மருந்தும். அட்டையோடு, டப்பாவோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சூரணம், அரிஷ்டம், ஆன்லைனில் வாங்கிய கேப்ஸ்யூல், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பொட்டலம் எல்லாம் சேர்த்து.
— குடும்ப விவரம்: அம்மா, அக்கா தங்கை, சித்தி, அத்தை யாருக்காவது மார்பகப் புற்றுநோய், காலில் ரத்த உறைவு, இளவயதில் மாரடைப்பு வந்ததா. ஒரே தாளில் எழுதுங்கள்.

4. நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள்?

45 வயதுக்குள் மெனோபாஸ் வந்தவர்கள், குறிப்பாகச் சினைப்பைகள் எடுக்கப்பட்டவர்கள்: உங்களுக்கு நாட்டு மருந்து மாற்றாகாது. சூடு குறைவது மட்டும் பிரச்சினை இல்லை. சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இல்லாமல் எலும்பும் இதயமும் பல வருடம் முன்கூட்டியே பாதிக்கப்படும். தடை ஏதும் இல்லாதவரை, இயல்பாக மெனோபாஸ் வரும் வயது வரையாவது ஹார்மோன் எடுப்பதுதான் முறை. இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. 38 வயதில் சினைப்பைகளை இழந்த பெண்ணை "சதாவரி சாப்பிடும்மா" என்று மட்டும் சொல்லி அனுப்புவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

60 வயதுக்குள், மெனோபாஸ் வந்து 10 வருடத்துக்குள் இருந்து, தொந்தரவு கடுமையாக உள்ளவர்கள்: தடை இல்லையென்றால் ஹார்மோன்தான் நன்றாக வேலை செய்யும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்தில்லாத வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் ஹார்மோன் எடுத்தவர்களுக்கு வாரத்தில் வரும் சூட்டின் எண்ணிக்கை சுமார் 75 சதவீதம் குறைவு. எந்த மூலிகையும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்ததில்லை.

தொந்தரவு லேசாக இருப்பவர்கள், ஹார்மோன் மனதுக்கு ஒப்பாதவர்கள்: நாட்டு மருந்தை 12 வாரம் முயன்று பார்க்கலாம், 5ஆம் பகுதியில் சொல்லும் எச்சரிக்கைகளோடு.

வறட்சி, நீர்க்கடுப்பு மட்டும் உள்ளவர்கள்: வாய்வழி எதுவும் வேண்டாம். யோனியில் போடும் எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போதும். முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் இரவில், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும் என்பதால் கூடவே புரோஜெஸ்டிரோன் (கர்ப்பப்பை உள்சுவர் தடிக்காமல் காக்கும் ஹார்மோன்) தேவையில்லை. மாதக்கணக்கில் நீர்க்கடுப்புக்கு ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிச் சாப்பிட்டு, கடைசியில் இந்த க்ரீமில் தொந்தரவு நின்றவர்கள் உண்டு.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள்: ஹார்மோன் வழி பொதுவாக மூடியிருக்கிறது. இவர்கள்தான் "அப்ப மூலிகை எடுத்துக்கறேன்" என்று போகிறார்கள். மூலிகையிலும் இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சோயா சத்து, சதாவரி போன்றவற்றில் ஈஸ்ட்ரோஜனைப் போல நடந்துகொள்ளும் பொருட்கள் இருக்கின்றன. உணவாகச் சோயா சாப்பிடுவதில் பயமில்லை. அடர்த்தியாக்கிய கேப்ஸ்யூலைப் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

இந்தக் கடைசி வரிசைக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. வென்லாஃபாக்சின் 37.5 மி.கி.யில் தொடங்கி 75 மி.கி. வரை, அல்லது இரவு வேர்வை மட்டும் அதிகம் என்றால் காபாபென்டின் 300 மி.கி. படுக்கும்போது. இவை டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும். முதலாவது மன அழுத்தத்துக்கும் கொடுக்கும் மருந்து. சீட்டை இணையத்தில் தேடிப் பார்த்த மகனோ மருமகளோ பதறிப்போய் நிறுத்தச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள் பராக்சிடின் என்ற மருந்தைத் தவிர்க்க வேண்டும். அது டமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும்.

5. நாட்டு மருந்து வழியில் போனால்

எதை எதிர்பார்க்கலாம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் வெளியிட்ட ஹார்மோன் அல்லாத சிகிச்சைகளுக்கான நிலைப்பாட்டில், குப்பென்ற சூட்டுக்குச் சோயாவையும் மூலிகைச் சத்துகளையும் பரிந்துரைக்கவில்லை. போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் காரணம். சிலருக்குக் குறைகிறது, பலருக்கு இல்லை. எலும்பைக் காக்கும் என்று நம்பி எதையும் எடுக்காதீர்கள். அதற்குக் கேழ்வரகு, பால், மீன், வெயில், நடை, தேவைப்பட்டால் கால்சியமும் வைட்டமின் டி-யும். 100 கிராம் கேழ்வரகில் 340 மி.கி.க்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஒரு நாள் தேவை 1,000 முதல் 1,200 மி.கி.

ஒவ்வொன்றாக:

தண்ணீர்விட்டான் கிழங்கு, அதாவது சதாவரி. நம் ஊரில் முதலில் கைக்கு வருவது இதுதான். நடந்த ஆய்வுகள் சிறியவை. லேகியமாக எடுத்தால் அதில் சர்க்கரையோ வெல்லமோ நிறைய இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை மறந்துவிட்டு "மருந்துதானே" என்று காலையும் மாலையும் சாப்பிட்டு ரத்தச் சர்க்கரை அளவைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

அமுக்கரா. தூக்கத்துக்கு உதவலாம். தைராய்டு ஹார்மோனைக் கூட்டும் இயல்பு இதற்கு உண்டு. தைராய்டு குறைவுக்குச் சாப்பிடும் தைராக்சின் மாத்திரையோடு சேர்ந்தால் படபடப்பும் வேர்வையும் அதிகமாகும். அதாவது எந்தத் தொந்தரவுக்காக எடுத்தீர்களோ அதுவே கூடும். ஈரல் பாதிப்பும் அரிதாகப் பதிவாகியிருக்கிறது. அமுக்கரா சூரணத்தின் பாரம்பரியச் செய்முறையில் அமுக்கராவைவிடச் சர்க்கரைதான் அதிகம் என்பதையும் கவனியுங்கள்.

சோயா ஐசோஃபிளேவோன் கேப்ஸ்யூல். ஒரு நாளைக்கு 40 முதல் 80 மி.கி. வரை ஆய்வுகளில் கொடுத்திருக்கிறார்கள். பலன் தெரிந்தாலும் மெதுவாகத்தான், 8 முதல் 12 வாரம் ஆகும். தைராக்சினோடு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

பிளாக் கோஹோஷ். வெளிநாட்டு மூலிகை, ஆன்லைனில் வருகிறது. ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண். ஈரல் பாதிப்பு அரிது, ஆனால் உண்டு. சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ அன்றே நிறுத்துங்கள்.

அதிமதுரம். ரத்த அழுத்தத்தைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடவே வேண்டாம். "பெண்களுக்கான" கலவைப் பொடிகளில் இதைச் சத்தமில்லாமல் சேர்த்திருப்பார்கள். மூலப்பொருள் பட்டியலைக் கடைசி வரி வரை படியுங்கள்.

அசோகாரிஷ்டம். அரிஷ்டங்களில் புளிக்கும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் சுமார் 5 முதல் 10 சதவீதம் இருக்கும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் நாட்களில் கூடாது. ரத்தப்போக்கை மறைக்கும் ஆபத்தை மேலே சொல்லிவிட்டோம்.

உளுந்தங்களியும் எள்ளும் வெந்தயமும் நல்ல சாப்பாடு. தாராளமாகச் சாப்பிடுங்கள், சிகிச்சையாக நினைக்க வேண்டாம். சர்க்கரை மாத்திரையோடு வெந்தயத்தை அதிகம் எடுத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம்.

வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சித்தா, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, மூலப்பொருட்கள் இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மட்டும் இருந்தால் சட்டப்படி அது உணவுப் பொருள். மருந்தாகச் சோதிக்கப்பட்டது என்று பொருள் கிடையாது. நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்காதீர்கள். முழுக் கிழங்காக வாங்கி இடித்துக்கொண்டால் என்ன வாங்கினோம் என்பதாவது தெரியும். பொட்டலப் பொடியில் என்ன கலந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பெயரில் பற்பம், செந்தூரம், ரசம், லிங்கம், பாடாணம் என்று வந்தால் உலோகமோ தாதுவோ சேர்ந்த மருந்து. தேர்ந்த சித்த மருத்துவர் நேரில் பார்த்துக் கொடுக்காமல் சாப்பிடக் கூடாது. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது இருந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் மூலிகை என்றுதான் நினைத்து வாங்கியிருப்பார்கள்.

சித்த மருத்துவரைப் பார்ப்பதென்றால் பி.எஸ்.எம்.எஸ். பட்டமும் தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றப் பதிவு எண்ணும் உள்ளவரைப் பாருங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை, பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கின்றன. பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு உண்டு. அங்கே உங்கள் மாமோகிராம், ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் காட்டுங்கள். நல்ல மருத்துவர் கேட்டு வாங்கிப் பார்ப்பார்.

6. ஹார்மோன் வழியில் போனால்

பயத்தின் வேர் 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் இருக்கிறது. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. கொடுத்த மருந்து, குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டினும். மார்பகப் புற்றுநோய், ஹார்மோன் எடுக்காதவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் 30, எடுத்தவர்களில் 38. கூடுதல் 8. இந்த 8 சின்ன விஷயம் என்று யாரும் உங்களிடம் சொல்லக் கூடாது. "ஹார்மோன் எடுத்தால் கேன்சர்" என்று சொல்வதும் சரியில்லை. கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. எத்தனை வருடம் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆபத்து கூடும் என்பதால்தான் வருடாவருடம் மறுபரிசீலனை.

கர்ப்பப்பை இருக்கிறதா? இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் கட்டாயம். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் உள்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகும். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

மாத்திரையா, ஜெல்லா? வாய்வழி ஈஸ்ட்ரோஜன் ஈரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுகிறது. தோல்வழி எடுக்கும்போது வழக்கமான அளவுகளில் அந்த ஆபத்து கூடுவதாகக் காணவில்லை. பருமன், சர்க்கரை, பிரஷர், ஒற்றைத் தலைவலி, பித்தப்பைக் கல் உள்ளவர்கள் ஜெல்லையே கேளுங்கள். மாத்திரை மலிவு, எளிது. வேறு பிரச்சினை இல்லாதவர்களுக்கு அது தப்பில்லை. எஸ்ட்ராடையால் 1 மி.கி.யில் தொடங்குவது வழக்கம்.

ஜெல் பூசும் முறையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 0.06 சதவீத ஜெல்லில் 2.5 கிராம் எடுத்தால் 1.5 மி.கி. எஸ்ட்ராடையால். பாதி அளவில் தொடங்கி ஏற்றுவதும் உண்டு. குளித்து, ஈரம் துடைத்த தோளின் வெளிப்புறத்திலோ தொடையிலோ மெல்லியதாகப் பரப்புங்கள். மார்பில் பூசாதீர்கள். மஞ்சள், எண்ணெய், பவுடர் பூசிய இடத்தின் மேல் போட்டால் சரியாக உள்ளே போகாது. ஐந்து நிமிடம் காயவிட்டு உடுத்துங்கள். ஒரு மணி நேரம் அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூசிய கையோடு பேரக் குழந்தையைத் தூக்கினால் ஹார்மோன் குழந்தையின் தோலிலும் சேரும். காலையில் அவசரமென்றால் இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் தினம் ஒரே நேரம்.

மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் 100 மி.கி. தினமும் இரவில்; அல்லது மாதவிலக்கு இன்னும் வந்துகொண்டிருப்பவர்களுக்கு மாதத்தில் 12 முதல் 14 நாள் 200 மி.கி. தூக்கம் வரவழைக்கும், அதனால் படுக்கும்போதுதான். பகலில் சாப்பிட்டுவிட்டுத் தலைசுற்றுகிறது என்று புரோஜெஸ்டிரோனை மட்டும் நிறுத்தி ஜெல்லைத் தொடர்வது பெரிய தவறு. காரணம் மேலே சொன்னதுதான். காப்பர்-டி போலக் கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஆனால் ஹார்மோன் உள்ள சாதனம் ஏற்கனவே பொருத்தியிருந்தால் அது புரோஜெஸ்டிரோனின் வேலையைச் செய்யும். எந்த வருடம் பொருத்தினார்கள் என்ற அட்டையைக் காட்டுங்கள்.

இன்னொரு குழப்பம். திருவிழா, வீட்டு விசேஷம் என்று நாளைத் தள்ளிப்போட வாங்கும் நோரெதிஸ்டெரோன் 5 மி.கி. மாத்திரையும் "ஹார்மோன் மாத்திரை"தான். அது வேறு, இது வேறு. சீட்டில்லாமல் அதை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்தச் சிகிச்சை கருத்தடையும் ஆகாது. கடைசி மாதவிலக்கு 50 வயதுக்குள் நின்றிருந்தால் இரண்டு வருடம், 50-க்குப் பிறகென்றால் ஒரு வருடம் கருத்தடை தொடர வேண்டும்.

7. இரண்டையும் சேர்த்து எடுக்காதீர்கள், சொல்லாமல் எடுக்கவே எடுக்காதீர்கள்

லேகியம் பாதி, ஜெல் பாதி என்று எடுத்தால் எது வேலை செய்தது, எது தொந்தரவு கொடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஈரல் பரிசோதனை அளவுகள் ஏறினால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க எல்லாவற்றையும் நிறுத்த வேண்டி வரும். ஒன்றை 12 வாரம் எடுங்கள்.

தைராக்சின் எடுப்பவர்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கினால் தைராக்சின் தேவை கூடலாம். 6 முதல் 12 வாரத்துக்குள் டி.எஸ்.எச். மறுபடி பாருங்கள். ஜெல்லில் இந்தச் சிக்கல் இல்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபைன் ஆகியவை ஹார்மோனின் பலனைக் குறைக்கும். ஆபரேஷன் தேதி குறித்தால் மூலிகைகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, மயக்க மருந்து டாக்டரிடம் என்ன எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

8. செலவு

தொடக்கப் பரிசோதனைகள்தான் முதல் மாதத்தைக் கனமாக்கும். தனியார் மையங்களில் சுமாராக மாமோகிராம் 1,500 முதல் 3,000 ரூபாய், யோனி வழி ஸ்கேன் 800 முதல் 1,500, டி.எஸ்.எச். 200 முதல் 500. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவற்றைக் காசில்லாமல் பார்க்கலாம், காத்திருக்க வேண்டியிருக்கும். சென்னையில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை இரண்டிலும் மகளிர் நோய்ப் பிரிவு உண்டு. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பிரஷர், சர்க்கரை, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை நான்கையும் முடித்துவிடலாம்.

மாதச் செலவைக் கணக்கிட விலையைவிட நாளைப் பாருங்கள். 80 கிராம் ஜெல் டியூப், நாளைக்கு 2.5 கிராம் என்றால் 32 நாள் வரும். பாதி அளவென்றால் 64 நாள். புரோஜெஸ்டிரோன் மாதம் 30 கேப்ஸ்யூல், பத்து பத்தாக மூன்று அட்டை. புரோஜெஸ்டிரோனில் கம்பெனிக்குக் கம்பெனி விலை வித்தியாசம் அதிகம். அதே மருந்து மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ இருக்கிறதா என்று கேளுங்கள். ஜெல் சின்ன ஊர்களில் இருப்பு இருக்காது. தீர்வதற்குப் பத்து நாள் முன்பே சொல்லி வைத்தால் கடைக்காரர் வரவழைத்துத் தருவார்.

நாட்டு மருந்து மலிவு என்ற நினைப்பையும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். இணையத்தில் விளம்பரம் செய்யும் "ஹார்மோன் பேலன்ஸ்" டப்பா ஒன்று பெரும்பாலும் 30 நாளுக்குத்தான் வரும். மூன்று மாத கோர்ஸ் என்று சேர்த்து வாங்கச் சொல்வார்கள். ஒன்று மட்டும் வாங்குங்கள்.

9. எப்போது என்ன பார்க்க வேண்டும்

ஹார்மோன் தொடங்கிச் சில வாரத்திலேயே சூடு குறையத் தொடங்கும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம். முதல் மாதம் மார்பு கனத்தல், வயிறு உப்புசம், லேசான தலைவலி வரலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். முதல் மூன்று மாதம் திட்டுத் திட்டாக ரத்தம் படுவதும் உண்டு. ஆறு மாதம் தாண்டியும் பட்டால், அல்லது நின்றுபோய் மறுபடி தொடங்கினால் ஸ்கேன்.

12ஆம் வாரம் நோட்டை எடுத்து மறுபடி 14 நாள் எழுதுங்கள். எண்ணிக்கை பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால் நாட்டு மருந்தை நிறுத்திவிட்டு அடுத்த வழியைப் பேசுங்கள். இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்று நீட்டாதீர்கள். இந்தத் தொந்தரவு பலருக்கு ஏழு வருடத்துக்கு மேல் நீடிக்கிறது. ஹார்மோனிலும் குறையவில்லை என்றால் அளவும் பூசும் முறையும் சரிதானா என்று பார்த்து மாற்றுவார்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் மரத்துப் போவது, பேச்சுக் குளறல், கண் மஞ்சள் இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் மருந்தை நிறுத்திவிட்டு அந்த வாரமே காட்டுங்கள். எந்த மருந்தால் பக்கவிளைவு வந்தாலும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யலாம்.

அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை பிரஷர், எடை, மார்பகப் பரிசோதனை. டாக்டர் சொல்லும் இடைவெளியில் மாமோகிராம். இத்தனை வருடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும் என்று பொதுக் கெடு கிடையாது. ஒவ்வொரு வருடமும் தொடரலாமா என்று கேட்டு முடிவு செய்வது. நிறுத்தும்போது அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம், வெயில் காலத்தில் வேண்டாம். ஏப்ரல், மே வெக்கையில் நிறுத்தினால் வருகிற வேர்வை கோடையாலா, மருந்து நின்றதாலா என்று தெரியாமல் போகும். ஆடி கழிந்து தொடங்குங்கள்.